நாற்பத்து மூன்றாவது தாள்

எங்கள் பள்ளிக்கூடத்துக் கணக்கு வாத்தியார் மேல் பிள்ளைகளுக்கு உயிர். தப்பாகப் போட்ட கணக்கிலும் எதுவரை சரி என்று தேடிப் பிடித்து, அதுவரைக்கும் மதிப்பெண் கொடுப்பார். அவர் விடுப்பு எடுத்தால் வகுப்பே முகத்தைத் தொங்கப் போட்டுக்கொள்ளும். நான் எடுத்தால் கைதட்டுவார்கள். நான் விளையாட்டு வாத்தியார், கத்துவது என் தொழில். பதினெட்டு வருஷம் அவரோடு ஒரே அறையில் குப்பை கொட்டிய உரிமையில் சொல்கிறேன்: தன் காரியம் என்று வந்தால் அந்த மனுஷனுக்கு வாய் திறக்காது.

வயது நாற்பத்தைந்து. அப்பா படுத்த படுக்கையாகக் கிடந்த பத்து வருஷமும் கூடவே இருந்து பார்த்துக்கொண்டார். கல்யாணப் பேச்சு அப்படியே தள்ளிப் போயிற்று. எதிர் மேசை அறிவியல் டீச்சரை அவருக்குப் பிடிக்கும் என்பது எட்டு வருஷமாக ஊருக்கே தெரியும். அந்த டீச்சருக்கு இப்போது மாற்றல் வந்துவிட்டது. வெள்ளிக்கிழமை கடைசி நாள்.

வியாழக்கிழமை காலையில் முகம் வெளுத்துப்போய் வந்து என்னை மைதானத்துக்கு இழுத்தார்.

"அவங்களுக்கு லெட்டர் எழுதினேன்யா. குடுக்க தைரியம் வரல. கிழிச்சுப் போடலாம்னு தேடினா காணோம்."

"எதுலய்யா எழுதின?"

"வீட்ல வேற பேப்பர் இல்ல. மிச்சமிருந்த பரீட்சைத் தாள்ல."

ஒருவர் திருத்திய தாள்களை நூலால் கட்டி இன்னொருவரிடம் கொடுக்க வேண்டும், அவர் கூட்டலைச் சரிபார்க்க வேண்டும் என்பது எங்கள் வழக்கம். கணக்குக் கட்டு போவது அறிவியல் டீச்சரிடம். நாற்பத்திரண்டு பிள்ளைகளின் தாள்களோடு தன் கடிதத்தையும் சேர்த்துக் கட்டி, நேற்று தன் கையாலேயே கொடுத்திருக்கிறார். ஊரார் கூட்டலையெல்லாம் திருத்துகிறவர் தன் கட்டை எண்ணவில்லை.

முதலில் எனக்குச் சிரிப்புத்தான் வந்தது. அவர் அடுத்துக் கேட்டதும் அடங்கிவிட்டது.

"கேவலமா நெனச்சுக்கிட்டே போயிட்டாங்கன்னா?" என்றார்.

டீச்சர் அரைநாள் விடுப்பு. மதியம் வரை கணக்கு வாத்தியார் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. எனக்கும் சோறு இறங்கவில்லை.

டீச்சர் வந்து கட்டை அவர் மேசையில் வைத்தார். நான் பந்துக்குக் காற்றடிப்பதுபோலக் குனிந்துகொண்டேன்.

"நாப்பத்திரண்டும் சரியா இருக்கு, சார்." பிறகு கைப்பையிலிருந்து அந்தத் தாளை எடுத்தார். "இதுதான் புரியல. நான் போயிட்டா ஜன்னல யாரு தொறப்பாங்கன்னு கேட்டிருக்கீங்க. மேசை வெறிச்சோடிப் போயிடும்னு எழுதியிருக்கீங்க. நாலு பக்கத்துல என்கிட்ட ஒண்ணுமே கேக்கலியே?"

மணி அடித்தது. வாழ்நாளில் ஒரு வகுப்புக்கும் தாமதமாகப் போகாத மனுஷன் அவர். பழக்கத்தில் எழுந்து வாசல்வரை போய்விட்டார். டீச்சர் முகம் வாடிவிட்டது. கேட்டுத் தொலையேன்யா என்று எனக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது.

அவர் திரும்பினார். கடைசி பெஞ்சு வரைக்கும் கேட்கிற குரல் பக்கத்திலிருந்த எனக்கே அரைகுறையாகத்தான் கேட்டது.

"என்னக் கல்யாணம் பண்ணிக்குவீங்களா, டீச்சர்?"

டீச்சர் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார்.

"நாளைக்கு நான் போகணும் சார்," என்று அழுதார். "எட்டு வருஷமா எதிர்லதான உக்காந்திருந்தேன். சரின்னு சொல்லத்தான் உக்காந்திருந்தேன்."