நடுவட்டத்து சி.டி. கடையில் விண்வெளிப் படங்கள்

சி.டி. வாடகைக் கடை நடத்தியவர்களுக்கு நான் சொல்லவேண்டியதில்லை: வருகிறவர் கேட்கும் படம் எப்போதும் வெளியே போயிருக்கும், கடையில் இருக்கும் படத்தை நாம்தான் கெஞ்சித் தலையில் கட்டவேண்டும். நான் அந்தப் பாட்டைப் பட்டது நீலகிரி மலையில் நடுவட்டத்தில், பஸ் ஸ்டாப்புக்கு எதிரே. பச்சைத் தேயிலை விலை விழுந்து, ஃபேக்டரிகள் ஒவ்வொன்றாகப் பூட்டிக்கொண்டிருந்த வருஷங்கள் அவை. வேலை குறைந்ததால் சனங்கள் பகலெல்லாம் வீட்டிலேயே இருந்தார்கள். அதனால் என் கடைக்குக் கூட்டம் வந்தது. ஊரே சும்மா உட்கார்ந்திருக்கும்போது நமக்கு மட்டும் வியாபாரம் நடந்தால் ஒரு கூச்சம் வரும். உங்களுக்கும் வந்திருக்கும்.

மூட்டையாக வந்த சரக்கு

ஊட்டியில் ஒரு கடைக்காரர் தொழிலை விட்டுவிட்டுப் போகிறார் என்று கேள்விப்பட்டு, அவரிடமிருந்த டப்பிங் படங்களை மொத்தமாக வாங்கி வந்தேன். அட்டையில் எல்லாம் தீயும் துப்பாக்கியும். சண்டைப் படம் என்று நம்பிவிட்டேன். போட்டுப் பார்த்தால் பாதிக்கு மேல் விண்வெளி. அங்கே சண்டை கிடையாது. ஒரு கப்பலில் ஒருவர் தனியாக உட்கார்ந்து, பூமியிலிருந்து பதில் வருமா என்று ரேடியோவைப் பார்த்துக்கொண்டிருப்பார். பல் துலக்குவார். இல்லாமல்போன கூட்டாளியின் படுக்கையை மடித்து வைப்பார். மறுபடி ரேடியோவைப் பார்ப்பார்.

என் மனைவி வசந்தா ஒரே நாளில் மூன்று படத்தைப் பார்த்து முடித்தாள். முடித்துவிட்டு, ஏமாந்துபோய் உட்கார்ந்திருந்த என்னிடம் சொன்னாள்: "ஏனுங்க, எல்லாத்துலயும் ஒத்தை ஆளுதான் இருக்காரு. அவிங்களுக்கும் தேயிலை வெலை எறங்கிப்போச்சாட்ட இருக்குது."

மனுசன் கணக்கில் யார்?

செல்வி எஸ்டேட்டில் கொழுந்து எடுப்பவர். வாரத்தில் மூன்று நாள்தான் வேலை என்று ஆனபிறகு, மீதி நாட்களில் பத்துப் பெண்களைத் தன் வீட்டில் சேர்த்துக்கொண்டு படம் போடுவார். வேறு படம் இல்லாத ஒரு புதன்கிழமை, ஒரு ரோபோ படத்தைக் கொடுத்து அனுப்பினேன். எங்கோ தொலைவில் ஒரு நிலையத்தில், ஒரு டாக்டரம்மாவுக்குத் துணையாக இருக்கும் ரோபோ அது. அந்தம்மா சாகக் கிடக்கும்போது அதற்கு அழத் தெரியவில்லை. பக்கத்தில் உட்கார்ந்து கையை மட்டும் பிடித்துக்கொண்டிருக்கிறது.

மறுநாள் செல்வி சி.டி.யைக் கொண்டுவந்தபோது குரல் கட்டியிருந்தது. படம் முடிந்தபிறகு இரண்டு மணி நேரம் சண்டையாம். கை பிடித்ததே போதும், அது மனுசன்தான் என்று ஒரு கட்சி. கண்ணீர் வரவில்லையே, எப்படி மனுசனாகும் என்று இன்னொரு கட்சி. நீங்கள் எந்தப் பக்கம் என்று கேட்டேன். செல்வி யோசித்துப் பதில் சொன்னார்: "அழுதாத்தான் மனுசன்னு வெச்சுக்கிட்டா, எங்க சூப்பர்வைசரை எதுல சேக்கறதுங்க?"

கடைசிப் பத்து நிமிஷம்

அந்த மூட்டையில் ஒரு சி.டி.க்குக் கீறல். ஆளில்லாத நிலையத்தைப் பல வருஷம் ஒருவராகவே பார்த்துக்கொள்ளும் மனிதரின் கதை. கடைசியில் பூமிக்குத் திரும்பச் சொல்லி உத்தரவு வருகிறது. அவர் எழுந்து கதவருகே போகிறார். அதோடு படம் நின்றுவிடும். துடைத்துப் பார்த்தேன், பேஸ்ட் தடவிப் பார்த்தேன். முடிவு என்னவென்று எனக்கே தெரியாது. ஆனால் வாடிக்கையாளர் கேட்டால் தெரியாது என்றா சொல்வது?

செல்வி கேட்டபோது, அவர் ஊர் வந்து பெண்டாட்டி பிள்ளைகளோடு சேர்ந்துவிட்டார் என்றேன். கூடலூர் பஸ் கண்டக்டர் ஜோசப் கேட்டபோது, நாள் முழுக்க நெரிசலில் நசுங்குகிறவராயிற்றே என்று பார்த்து, படத்து ஆள் நிம்மதியாக விண்வெளியிலேயே தங்கிவிட்டார் என்றேன். அந்த வாரமே செல்வி ஜோசப்பின் பஸ்ஸில் ஏறியதும், வழியெல்லாம் இருவரும் வாதாடியதும் எனக்குத் தெரியாது. மறுநாள் ஜோசப் படியில் தொங்கியபடியே கடையைப் பார்த்துக் கேட்டார்: "சேட்டா, ஒரே ஆளு வீட்டுக்கும் போயாச்சு, மேலயும் இருக்கார். நான் எத்தனை டிக்கெட் கிழிக்கணும்?"

முடிவு கேட்காதவர்

அந்தக் கீறல் சி.டி.யை மறுபடி மறுபடி எடுத்துப்போனவர் ஒருவர்தான்: மாரியப்பன். சிலோன் தோட்டத்திலிருந்து வந்து இங்கே குடியேறியவர். பூட்டிக் கிடந்த ஒரு தேயிலை ஃபேக்டரிக்கு வாட்ச்மேன். மனைவி இல்லை, மகன் திருப்பூரில் பனியன் கம்பெனி வேலைக்குப் போய்விட்டான். அக்கம்பக்கத்தில் தொழிலாளர் குடியிருந்த லயங்களும் காலி. மெஷின்கள் துருப்பிடிக்காமல் எண்ணெய் போட்டு, அவ்வப்போது ஓட்டிப் பார்ப்பது அவர் வேலை. ஆபீஸ் அறையில் மேனேஜர் விட்டுப்போன டி.வி.யும் சி.டி. பிளேயரும் இருந்தன. முடிவு என்ன என்று அவர் ஒருதடவையும் கேட்கவில்லை. நானே பொறுக்காமல் கேட்டதற்கு, "அந்த மனுசன் யாரும் பாக்காட்டியும் மொகம் வழிச்சுக்கிட்டு வேலைக்கு வாறான் பாருங்க, அதப் பாக்கத்தான் எடுக்கிறேன்" என்றார்.

திங்களும் வியாழனும் தவறாமல் வருவார். ஒரு வியாழன் வரவில்லை. "அந்த அண்ணன் வரலைங்களே" என்று வசந்தா இரண்டு தடவை சொன்னாள். மழையாக இருக்கும் என்றேன் நான். வெள்ளி காலையிலும் ஆளைக் காணோம். சி.டி.யை வாங்கிவரும் சாக்கில் ஜீப் பிடித்துப் போனேன். கேட் உள்பக்கம் பூட்டியிருந்தது. கூப்பிட்டதற்குப் பதில் இல்லை. ஆனால் உள்ளே எங்கோ இரும்பில் இரும்பு தட்டும் சத்தம். இரண்டு தட்டு, கொஞ்சம் நிறுத்தம், மறுபடி இரண்டு தட்டு. நானும் ஜீப் டிரைவரும் கேட்டில் ஏறிக் குதித்தோம்.

இலை உலர்த்தும் மாடிக்குப் போகும் படியின் கீழே கிடந்தார். வியாழன் காலையில் வழுக்கி விழுந்திருக்கிறார். ஒரு கால் வேறு திசையில் திரும்பியிருந்தது. கையில் ஒரு ஸ்பேனர். பக்கத்துக் குழாயில் ஒரு நாள் முழுக்கத் தட்டிக்கொண்டே இருந்திருக்கிறார். உதடு வெடித்திருந்தது. பாட்டில் மூடியில் ஊற்றி ஊற்றித் தண்ணீர் கொடுத்தேன். நாலு வாய் குடித்துவிட்டு அவர் சொன்ன முதல் வார்த்தை: "சி.டி. மேசை மேல இருக்கு ஐயா. நேத்தே கொண்டாந்திருக்கணும், பிந்திப்போச்சு."

ஆஸ்பத்திரியில் ஆஜர்

எலும்பு கூடி, அவர் தடியூன்றி நடக்க நாலு மாதம் ஆனது. மகன் சத்தம் போட்டபிறகு தேயிலைக் கம்பெனி இன்னொரு வாட்ச்மேனையும் போட்டது. அதெல்லாம் பிற்பாடு. முதல் வாரம் ஊட்டி ஆஸ்பத்திரியில் கட்டுப்போட்டுப் படுத்திருந்தபோது நானும் வசந்தாவும் பார்க்கப் போனோம். அவ்வளவு நேரம் தனியாக எப்படி இருந்தீர்கள் என்று வசந்தா கேட்டுவிட்டாள். நான் கேட்கத் தயங்கிய கேள்வி.

"பேர் கூப்பிட்டேம்மா" என்றார் மாரியப்பன். ஃபேக்டரி ஓடிய காலத்தில் காலையில் வேலைக்கு வந்தவர்களை வரிசையில் நிறுத்திப் பேர் வாசிப்பார்களாம். அந்தப் பேர்களை ஒவ்வொன்றாக நினைவுபடுத்தி வாசித்து, அவரவருக்குப் பதிலாக ஆஜர் என்று அவரே சொல்லியிருக்கிறார். தூக்கம் வந்தால் எழமாட்டோம் என்ற பயம். கடைசியில் தன் பேரையும் வாசித்து, அதற்கு மட்டும் சத்தமாகப் பதில் சொல்வாராம். வசந்தா முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பிவிட்டாள்.

அடுத்த கட்டிலில் கை உடைந்து படுத்திருந்தவர், எமரால்டு கிராமத்தில் கேரட் பயிரிடும் போஜன், படுத்தபடியே எங்களைப் பார்த்துச் சொன்னார்: "இங்க வந்தும் நிறுத்தலைங்க. இன்னிக்குக் காலைல என் பேரையும் வாசிச்சாரு. நானும் ஆஜர்னு சொல்லிப்போட்டேன்."

வானத்தில் தனியாக மாட்டிக்கொண்டவர்களை வாடகைக்கு எடுத்துப் பார்த்துக் கவலைப்பட்ட எங்களுக்கு, எங்கள் ஊரிலேயே மாட்டிக்கொண்ட ஒருவரைப் போய்ப் பார்க்க ஒரு சி.டி. திரும்பி வராமல் இருக்கவேண்டியிருந்தது.