பொன்னாடை போர்த்திய படம்

மலேசியாவில், குளுவாங்கில் எங்கள் ஓவியச் சங்கத்துக்குச் செயலாளரான முதல் வருஷமே நான் ஒரு தப்பு செய்தேன். புதிதாகப் பொறுப்புக்கு வருகிறவர்கள் அதைத் தெரிந்துகொள்வது நல்லது.

சைன்போர்டு எழுதுவது என் தொழில். மற்ற உறுப்பினர்களும் லாரி டிரைவர், கிளினிக் நர்ஸ், ஃபேக்டரி ஆட்கள்தான். தேர்வுக் குழு, நடுவர் எல்லாம் எங்களிடம் கிடையாது. உறுப்பினர் கொண்டுவரும் படத்தை வந்த வரிசையில் மாட்டுவோம். ஆரம்பித்த நாளிலிருந்து அதுதான் சட்டம்.

அந்த வருஷக் கண்காட்சிக்கு ஒரு செம்பனைத் தோட்ட முதலாளி தன் மண்டபத்தை இலவசமாகக் கொடுத்தார். அவர் தோட்டத்தில் மருந்து அடிக்கும் லெட்சுமி அக்கா தன் இரண்டு கைகளையும் வரைந்திருந்தார். தோல் உரிந்து நகம் கறுத்த கைகள். வரிசைப்படி அந்தப் படம் வாசலுக்கு நேர் எதிரே வந்தது.

திறப்பு விழாவன்று காலையில் அதைப் பார்த்த எங்கள் சங்கத் தலைவர் என்னைத் தனியே இழுத்துக்கொண்டு போனார். முதலாளி கண்ணில் பட்டால் இனி மண்டபம் கிடைக்காது, அவர் போகும்வரை மறைத்து வை என்றார். முதலாளிக்குப் போர்த்த வாங்கியிருந்த பொன்னாடையை எடுத்து நானே படத்தின்மேல் போட்டேன். அலங்காரம் என்று நினைத்துக்கொள்வார்களாம்! அவ்வளவு புத்திசாலி நான்.

லெட்சுமி அக்கா மகளையும் மருமகனையும் கூட்டிக்கொண்டு புதுச் சேலையில் வந்தார். படத்தைத் தேடினார். பிறகு என்னிடம் வந்தார். முதலாளிக்காக மறைத்து வைத்தோம் என்றேன்.

"அவருக்கு என் கையப் பாக்க ஒரு மாதிரியா இருந்தா, அவரு கண்ண மூடிக்கட்டும் லா. என் படத்த ஏன் தம்பி மூடுறீங்க?"

நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரிக் கேட்டுவிட்டார். பொன்னாடையை உருவி அவர் தோளில் போர்த்தினேன். மன்னிப்புக் கேட்க எனக்கு வேறு வழி தெரியவில்லை.

அந்த நேரம் பார்த்து முதலாளி உள்ளே வந்தார். படத்தையும் அக்காவையும் மாறி மாறிப் பார்த்தார். முகம் கறுத்துவிட்டது. அந்தப் படத்தைக் கழற்றினால்தான் கண்காட்சியைத் திறந்து வைப்பேன் என்றார்.

"ஒன்ன மட்டும் கழட்ட முடியாதுங்க," என்றேன். "கழட்டுனா எல்லாத்தையும் கழட்டிட்டுப் போறோம்."

போங்கள் என்றார். போனோம். அரை மணி நேரத்தில் சுவர் காலி. மீன் பாசார் வேலியில் கயிறு கட்டி, அதே வரிசையில் மாட்டினோம். தலைவரும் தன் மயில் படத்தைத் தானே தூக்கிக்கொண்டு பின்னால் வந்தார். மீன் வாங்க வந்தவர்கள் பையைக் கீழே வைத்துவிட்டு நின்று பார்த்தார்கள். இன்றைக்கும் வருஷா வருஷம் அந்த வேலியில்தான் நடத்துகிறோம். யாரிடமும் மண்டபம் கேட்டதில்லை.

ஒரு படத்தை இறக்கச் சொன்னால், எல்லாப் படத்தையும் இறக்கிக்கொண்டு வெளியே வாருங்கள். எதையும் மூடி மட்டும் வைக்காதீர்கள்.