ஏஜெண்டு வேனில் அம்மன் பாட்டு

2003 வாக்கில் நடந்தது. அப்போது சிவகாசிக்குப் பக்கத்தில், ஆனைக்குட்டம் போகும் வழியில் ஒரு ஊரில் குடியிருந்தோம். பட்டாசுக்குக் காகிதக் குழாய் உருட்டுவதுதான் எங்கள் தெருப் பெண்களுக்குப் பிழைப்பு. கம்பெனியிலிருந்து ஒரு ஏஜெண்டு வேனில் காகிதம் கொண்டுவந்து இறக்கி, உருட்டிய குழாய்களை ஏற்றிக்கொண்டு போவார்.

மதியம் என் வீட்டில் நாலைந்து பேர் கூடி உருட்டுவோம். என் தம்பி ஒரு கேசட் கொடுத்திருந்தான். எங்கள் மக்களின் உரிமைக்காக ஊர் ஊராகப் போன ஒரு தலைவரின் கூட்டப் பேச்சு. கூலியோடு சேர்த்து மரியாதையையும் கேட்டு வாங்கச் சொல்வார். கேட்கக் கேட்க, உருட்டுகிற கை தானாக நின்றுவிடும்.

ஆனால் பயம். பக்கத்து ஊரில் கூலி கூட்டிக் கேட்டவர்களுக்கு காகித லோடே நின்றுபோயிருந்தது. இந்தக் கேசட் ஏஜெண்டு காதில் விழுந்தால் எங்கள் வீட்டிலும் உலை கொதிக்காது. நல்லவேளையாக, அவர் வருவது தெருமுனையிலேயே தெரிந்துவிடும். வேனில் இருக்கன்குடி மாரியம்மன் பாட்டு அலறும். உடனே நான் பசைக் கையோடு ஓடி, தலைவரை எடுத்துவிட்டு அம்மன் பாட்டைப் போடுவேன். அவர் உள்ளே வரும்போது எங்களை விடப் பக்தி உள்ளவர்கள் ஜில்லாவிலேயே இருக்க மாட்டார்கள்.

ஒருநாள் வந்தவர், எங்கள் டேப் ரெக்கார்டரையே உற்றுப் பார்த்தார். கேசட்டை மாற்றி மாற்றி, பட்டன்களில் பசை அப்பிக் காய்ந்து கிடந்தது.

"எந்நேரமும் அம்மன் பாட்டுத்தான் கேப்பீகளோ?" என்றார்.

"ஆமா அண்ணாச்சி" என்றேன். குழாய்களை ஏற்றிக்கொண்டு போய்விட்டார். அடுத்த வாரம் லோடு வரவில்லை.

யார் காட்டிக் கொடுத்தது? எங்களோடு உருட்டும் எதிர்வீட்டுக்காரியின் கொழுந்தன் கம்பெனி ஆபீசில் இருந்தான். எனக்கு அவள் மேல் சந்தேகம். அவளுக்கோ என் தம்பியின் ஓட்டை வாய் மேல் சந்தேகம். மிச்சக் காகிதத்தை உருட்டிக்கொண்டே, ஒரே பசைச் சட்டியில் கை விட்டபடி, ஒருத்தியை ஒருத்தி ஓரக்கண்ணால் அளந்துகொண்டிருந்தோம்.

அந்த நேரத்தில்தான், காய்ச்சி இறக்கிய மைதாப் பசை கவிழ்ந்து என் மகளின் காலில் கொட்டிவிட்டது. துடித்த பிள்ளையைத் தூக்கிக்கொண்டு மெயின் ரோட்டுக்கே ஓடினேன். பஸ்ஸைக் காணோம். எதிரே காகித லோடோடு ஏஜெண்டின் வேன்தான் வந்தது. மறித்தேன். பிள்ளையைப் பார்த்ததும் பதறிப்போய், "ஏறுங்க தாயி, ஏறுங்க!" என்று கதவைத் திறந்துவிட்டார்.

ஏறி உட்கார்ந்தால், உள்ளே அம்மன் பாட்டு இல்லை. தலைவர் பேசிக்கொண்டிருந்தார். எங்கள் வீட்டில் ஓடுகிற அதே பேச்சு.

அவர் சட்டென்று டேப்பை நிறுத்தினார். வண்டியை ஆஸ்பத்திரிப் பக்கம் திருப்பினார். பிறகு என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார்:

"தாயி, கம்பெனியில யார்ட்டயும் சொல்லிராதீக. எனக்கும் பிள்ளைக இருக்கு. உங்க தெரு வந்தாலே அம்மன் பாட்டுக்கு மாத்திருவேன். இன்னிக்கு மாத்துறதுக்குள்ள நீங்க மறிச்சிட்டீக."

ஒரு வாரமாக அவரிடம் கெஞ்சுவதற்கு நான் மனதுக்குள் கட்டி வைத்திருந்த வார்த்தைகளை அவர் என்னிடம் சொல்லிக்கொண்டிருந்தார். "எங்க வீட்லயும் இதே கேசட்டுத்தான் அண்ணாச்சி" என்றேன். அவர் நம்பவில்லை. ஆழம் பார்க்கிறேன் என்று நினைத்திருப்பார். அவர் நிறுத்திய இடத்திலிருந்து அடுத்த நாலு வரியை நான் சொன்ன பிறகுதான், ஸ்டியரிங்கை இறுக்கியிருந்த கை தளர்ந்தது. லோடு வராததற்குக் காரணம் கேட்டேன். போன வாரம் கம்பெனிக்கே காகிதம் வரவில்லையாம், அவ்வளவுதான்.

மகளின் கால் ஆறிவிட்டது. எதிர்வீட்டுக்காரியிடம் நானே போய்ப் பேசினேன். இப்போதும் யாரைப் பார்த்தாவது எனக்குப் பயம் வந்தால், அந்த ஆளும் என் தெருவுக்குள் நுழையுமுன் எந்தக் கேசட்டை மாற்றிவிட்டு வருகிறாரோ என்றுதான் முதலில் யோசிக்கிறேன்.