தலைகீழாகத் திறந்து வைத்த நோட்டு

போன வருடம் ஆயுத பூஜைக்கு முதல் நாள், சூளகிரிக்குப் பக்கத்தில் எங்கள் ஊர் நிலத்தில் வந்திருக்கும் தொழிற்சாலையில் நடந்தது இது. நிலம் கொடுத்த குடும்பத்துப் பெரியவர்கள் நினைவாகப் பழைய பொருள் ஏதாவது தந்தால், வரவேற்புக் கூடத்தில் கண்ணாடிப் பெட்டிக்குள் வைப்பதாகச் சொல்லியிருந்தார்கள். என் தாத்தா அன்றாடம் எழுதி வைத்த நோட்டுகள் பதினான்கு என்னிடம் உண்டு. அதில் ஒன்றையும் அவருடைய மூக்குக் கண்ணாடியையும் கொடுத்தேன்.

நாலு நாள் கழித்துப் போய்ப் பார்த்தால், கூடத்தின் நடுவே பெட்டிக்குள் நோட்டு தலைகீழாகத் திறந்து கிடக்கிறது. தாத்தா எழுதியது தெலுங்கில். வீட்டில் பேசுவதும் தெலுங்குதான். ஆனால் நான் படித்தது தமிழ்ப் பள்ளி. அந்த எழுத்து எனக்குத் தெரியாது. தெரியாவிட்டால் என்ன? பதினான்கு நோட்டிலும் சிவப்பு ஓரக்கோடு இடப்பக்கம். இங்கே வலப்பக்கம் இருந்தது.

பொறுப்பில் இருந்த அலுவலரைக் கூப்பிட்டுக் கேட்டேன்.

“டிஸ்பிளேக்குத்தானே சார். யாரு நின்னு படிக்கப் போறாங்க?”

“உங்க அப்பா போட்டோவத் தலைகீழா மாட்டுவீங்களா?”

“சாவி ஆபீஸ்ல இருக்குது சார். பூஜை முடியட்டும், திருப்பி வெச்சிடலாம்.”

கூடமே திரும்பிப் பார்க்கும்படி கத்தினேன். நிலம் இரண்டே கால் ஏக்கர் போனபோதுகூட நான் அப்படிக் கத்தியதில்லை. அப்போது பெட்டிக்கு எதிர்ப்பக்கம் தரை துடைத்துக் கொண்டிருந்த அம்மாள் நிமிர்ந்தார். ஆந்திர எல்லைக்கு அந்தப் பக்கம், குப்பம் ஊரிலிருந்து வேலைக்கு வருகிறவர்.

“இந்தப் பக்கம் நின்னா நேராத்தான் தெரியுதுங்கய்யா. தினம் துடைக்கறப்ப படிப்பேன். நல்லா எழுதியிருக்காரு.”

என்ன எழுதியிருக்கிறது என்று கேட்டேன். குனிந்து, வரிவரியாகத் தமிழில் சொன்னார். சின்னப் பேரனை இன்று தமிழ்ப் பள்ளியில் சேர்த்தேன். வழியெல்லாம் அழுதான். சிலேட்டை நான்தான் தூக்கி வந்தேன். எனக்கு அந்த எழுத்து தெரியாது. அவன் எனக்குக் கற்றுக் கொடுப்பான்.

சின்னப் பேரன் நான்தான். கற்றுக் கொடுக்கவில்லை. அவரும் கேட்கவில்லை.

“இத்தன வருசம் வீட்லதானே இருந்துச்சு? ஒருத்தருமா படிக்கல?” என்றார் அந்த அம்மாள். குத்திக் காட்டவில்லை, தெரிந்துகொள்ளத்தான் கேட்டார்.

தாத்தா போனபின் ஐம்பத்திரண்டு ஆயுத பூஜைகள். ஒவ்வொன்றிலும் பதினான்கையும் எண்ணி அடுக்கி, சந்தனப் பொட்டு வைத்து, கும்பிட்டு, மறுநாள் அதே துணியில் கட்டி அலமாரியில் ஏற்றியிருக்கிறேன். ஒன்று குறைந்ததில்லை என்பதில் எனக்குப் பெருமை வேறு.

எழுபத்தோரு வயதில் தெலுங்கு எழுத்துப் பழகினேன். இதுவரை முப்பத்தாறு பக்கம் படித்திருக்கிறேன். அந்த அலுவலர் நாலு நாள்தான் நோட்டைத் தலைகீழாக வைத்திருந்தார். நான் ஐம்பத்திரண்டு வருடம் மூடியே வைத்திருந்தேன். அவர் மேல் வந்த கோபம் இன்னும் ஆறவில்லை. என் மேல் வந்தது, கடைசிப் பக்கம் வரைக்கும் ஆறாமல் இருக்கட்டும்.