கீழ் வரிசையில் ஆள் இல்லை

எழுபத்திநாலாம் வருஷம், மாசி மாதக் கடைசி. கேரள மலையில், தேவிகுளத்துக்குப் பக்கத்தில் ஒரு தேயிலைத் தோட்டத்தில் இது நடந்தது. என் கணவர் தோட்டத்து ஆபீசில் கிளார்க். என் மகனுக்கு அப்போது எட்டு மாதம். நான் பாலக்காட்டுக்குக் கிழக்கே, கோயமுத்தூர் எல்லையை ஒட்டிய ஊரில், வெயிலும் கடலைக்காடுமாக வளர்ந்தவள். அந்தக் குளிரில் பிள்ளை ஒரு தும்மல் போட்டாலே எனக்குத் தூக்கம் போய்விடும். தூங்குகிற பிள்ளையின் மூக்கருகே விரலை வைத்து, மூச்சு வருகிறதா என்று பார்ப்பேன். வந்தது சரியாகத்தான் வந்ததா என்று மறுபடியும் பார்ப்பேன்.

எங்கள் வீடு மேட்டில் இருந்தது. சமையலறை ஜன்னலைத் திறந்தால் தொழிலாளர்களின் லைன் வீடுகள் சரிவில் இரண்டு வரிசையாகத் தெரியும். மேல் வரிசையின் கோடியில் ஓர் ஒற்றை அறை. பள்ளிக்கூடம் போகிற வயது வராத பிள்ளைகளுக்கும் கர்ப்பிணிகளுக்கும் அரசாங்கம் அங்கே மத்தியானம் கோதுமை உப்புமா போட்டது. அந்த வருஷம் ரேஷன் அரிசியைக் குறைத்திருந்தார்கள். கடையில் அரிசி விலை கேட்கவே பயமாக இருந்தது. கொழுந்து எடுக்கப் போகிற அம்மாக்கள் காலையில் பிள்ளைகளுக்குப் பால் விடாத கட்டன் சாயா கொடுத்துவிட்டு ஓடுவார்கள். அதற்குப் பிறகு பிள்ளைகள் வாயில் படுகிற முதல் பருக்கை அந்த உப்புமாதான். எண்ணெய் காய்கிற வாசனை மேலே வருவதற்கு முன்பே தட்டோடு வந்து உட்கார்ந்துவிடுவார்கள்.

மாசியில் கீழ் வரிசையில் ஒரு பிள்ளைக்கு அம்மை போட்டது. ஒரே வாரத்தில் வரிசை முழுக்கப் பரவியது. அந்த மலையில் வேப்பமரம் கிடையாது. போடியிலிருந்து பஸ்ஸில் மூட்டையாக வந்த வேப்பிலையைப் பிரித்து வீட்டுக்கு ஒரு கொத்து செருகினார்கள். அம்மை கண்ட வீட்டு வழக்கம் நம் எல்லோருக்கும் தெரிந்ததுதான். மூன்றாம் தண்ணீர் ஊற்றும்வரை கதவு சாத்தியே இருக்கும், வெளியாள் நுழையக் கூடாது, வாசலில் நின்று யார் கூப்பிட்டாலும் குரல் கொடுக்கக் கூடாது. நானும் என் பிள்ளையோடு வீட்டுக்குள்ளேயே அடைந்து கிடந்தேன்.

அப்படி ஒரு நாள் முற்பகலில்தான் கணக்கெடுக்கிறவர் வந்தார். உணவு நிலையத்துக்கு எத்தனை பிள்ளைகள் என்று வீடு வீடாக எழுதிப்போக வந்த அரசாங்க ஊழியர். ஐம்பது வயது இருக்கும். முழங்காலைப் பிடித்துக்கொண்டு மேடேறி வந்தவர், மேல் வரிசை முடிந்தது, கீழே இன்னும் எத்தனை வீடு என்று என்னிடம் விசாரித்தார். என் இடுப்பில் பிள்ளை இருந்தது. கீழே போய்விட்டு இதே வழியாகத்தானே திரும்பி வருவார் என்று என் மனசில் ஓடியது. அங்கே எல்லா வீட்டிலும் அம்மை, போகாதீர்கள், கூப்பிட்டாலும் யாரும் பேச மாட்டார்கள் என்று சொன்னேன். அவர் சரிவைப் பார்த்தார், முழங்காலைத் தடவினார், மெத்த உபகாரம் என்றார். வாசலிலேயே உட்கார வைத்துக் காப்பி போட்டுக் கொடுத்தேன். குடித்துக்கொண்டே நோட்டில் ஏதோ எழுதினார். என்ன எழுதுகிறார் என்று கேட்க எனக்குத் தோன்றவில்லை. பிள்ளையைக் காப்பாற்றிவிட்டேன் என்று அன்று மனசுக்கு நிறைவாகக்கூட இருந்தது.

அம்மை இறங்கியது. நல்ல வேளையாக எல்லாப் பிள்ளைகளும் பிழைத்து எழுந்தார்கள். மெலிந்துபோன கால்களோடு மறுபடி தட்டை எடுத்துக்கொண்டு உப்புமாவுக்கு வந்தார்கள்.

சித்திரை கழிந்ததும் உத்தரவு வந்தது. செலவைக் குறைக்க வேண்டியிருப்பதால், பிள்ளைகள் குறைவாக உள்ள நிலையங்களை அடுத்த மாதத்திலிருந்து மூடுகிறார்களாம். எங்கள் தோட்டத்து நிலையமும் அதில் ஒன்று. வேண்டுமென்றால் பிள்ளைகள் ஆற்றுக்கு அந்தப் பக்கம், நாலு மைல் தள்ளி இருக்கிற நிலையத்துக்குப் போய்ச் சாப்பிடலாமாம்.

அன்று சாயங்காலமே ஏழெட்டுப் பெண்கள் என் வாசலுக்கு வந்துவிட்டார்கள். முன்னால் நின்றவள் கீழ் வரிசைக்காரி. என்னைவிட நாலைந்து வயது மூத்தவள், மூன்று பிள்ளைக்காரி. தோட்டத்தில் அவள் வாய்க்குக் கங்காணியே ஒதுங்கிப் போவார் என்பார்கள்.

"நீங்க படிச்சவுக. ஒரு மனு எழுதிக் குடுங்க கிளார்க்கம்மா. எங்க கைநாட்ட வரிசையா வச்சுர்றோம்" என்றாள்.

எழுத உட்கார்ந்தேன். உப்புமா கிண்டுகிற அம்மாள் உத்தரவோடு வந்திருந்த பட்டியலை நீட்டினாள். மேல் வரிசையில் வீட்டுக்கு வீடு பிள்ளைகளின் வயது வரைக்கும் இருந்தது. கீழ் வரிசைப் பன்னிரண்டு வீட்டுக்கும் சேர்த்து ஒரே அடைப்புக்குறி. பக்கத்தில் மலையாளத்தில், வீடுகள் பூட்டியிருந்தன, ஆள் இல்லை என்று எழுதியிருந்தது. நான் பாலக்காட்டில் மலையாளம் படித்தவள். அங்கிருந்தவர்களில் அதைப் படிக்கத் தெரிந்தவள் நான் ஒருத்திதான். அந்தப் பெண்களின் முகத்தைப் பார்த்தேன். கீழ் வரிசையை விட்டுவிட்டார்கள் என்று மட்டும் சொன்னேன். ஏன் விட்டார்கள் என்று சொல்லவில்லை.

மனு நன்றாகவே வந்தது. மூன்று பக்கம், கோடு போட்டது போல எழுத்து. எழுதிய கை மட்டும் கூசிக்கொண்டே இருந்தது.

பத்து நாளாகியும் பதில் இல்லை. மாதக் கடைசி நெருங்கியது. ஒரு நாள் கூலியை விட்டுவிட்டுப் பிள்ளைகளோடு தேவிகுளம் ஆபீசுக்கே போவது என்று அவர்கள் முடிவு செய்தார்கள். என்னையும் கூப்பிட்டார்கள். அதிகாரி மலையாளத்தில் கேட்டால் பதில் சொல்ல ஒரு ஆள் வேண்டுமே.

என் கணவரிடம் அன்றுதான் எல்லாவற்றையும் சொன்னேன். ஏனுங்க, நான் தடுத்ததுனாலதானுங்க இப்படி ஆச்சு என்றேன்.

"எழுதுனது அந்தாளு. உன்ற கையிலயா எழுதுன? மனு எழுதிக் குடுத்தியல்ல, அதோட உடு. நீயும் கூடப் போனது மானேஜருக்குத் தெரிஞ்சா என்ற வேலைக்கில்ல வெடி வெச்சுப்போடுவாரு" என்றார்.

அவர் சொன்னதும் நியாயம்தான். இந்த வேலை போனால் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு எந்த முகத்தோடு ஊருக்குப் போவது? போகலாம் என்று நினைப்பேன். அடுப்பை ஊதிவிட்டு நிமிர்வதற்குள் வேண்டாம் என்று ஆகிவிடும். புறப்படுகிற அன்று காலையில் கீழே பெண்கள் கூடுகிற சத்தம் கேட்டது. ஜன்னல் வழியாகப் பார்த்தேன். அம்மை வடு மாறாத ஒரு பெண் குழந்தைக்குத் தலைவாரி ரிப்பன் கட்டிக்கொண்டிருந்தாள் அந்தக் கீழ் வரிசைக்காரி. ஆபீசுக்குப் போகிறோம் என்று பிள்ளைக்குப் பவுடர்கூடப் போட்டிருந்தாள். நான் சால்வையை எடுத்துப் பிள்ளையைச் சுற்றினேன். வாசலைத் தாண்டும்போது பின்னாலிருந்து கணவரின் குரல் வந்தது. தடுக்கப் போகிறார் என்று நினைத்தேன்.

"குல்லாவ மறந்துட்டுப் போறயே" என்று கம்பளிக் குல்லாவைக் கொண்டுவந்து பிள்ளையின் தலையில் மாட்டிவிட்டு உள்ளே போய்விட்டார்.

அதிகாரி கெட்டவர் இல்லை. எங்களை வராந்தாவில் காக்க வைத்தாலும், பிள்ளைகளைப் பார்த்ததும் எல்லோரையும் உள்ளே விடச் சொன்னார். மனுவை முழுக்கப் படித்தார். பிறகு பட்டியலை எடுத்து மேஜையில் வைத்தார். வருகிற எல்லோரும் எங்கள் ஊரில் பிள்ளைகள் அதிகம் என்றுதான் சொல்கிறார்கள், காகிதத்தில் இருப்பதை விட்டுவிட்டு நான் எதை நம்புவது என்று கேட்டார். வீடுகள் பூட்டியிருந்தன என்று என் ஆள் எழுதியிருக்கிறார், அவர் பொய் எழுதினார் என்கிறீர்களா என்றார். அவர் சொன்னதை நான் தமிழில் சொன்னேன்.

"பூட்டா? பூட்டுற அளவுக்கு எங்க வீட்ல என்னய்யா இருக்கு? கதவுக்கு நாதாங்கியே கெடையாது. காத்தடிச்சா செங்கல்ல அண்டக் குடுப்போம்" என்றாள் கீழ் வரிசைக்காரி.

அறையில் இருந்த குமாஸ்தாக்கள் சிரித்துவிட்டார்கள். அதிகாரியின் உதட்டிலும் சிரிப்பு எட்டிப் பார்த்தது. ஆனால் பட்டியலிலிருந்து அவர் விரலை எடுக்கவில்லை. மூடினாலும் அடுத்த நிலையம் திறந்துதானே இருக்கிறது என்றார். அவள் இடுப்பிலிருந்த ரிப்பன் கட்டிய குழந்தையைத் தரையில் இறக்கி விட்டாள். அது நின்ற இடத்திலேயே ஆடிக்கொண்டு அவள் சேலையைப் பிடித்தது.

"இவள நாலு மைலு நடக்கச் சொல்லுங்கய்யா. நடந்துட்டாள்னா நாங்க இப்படியே போயிர்றோம்."

அதிகாரி குழந்தையைப் பார்த்தார். பிறகு மெதுவாக, பரிதாபத்துக்காக உத்தரவை மாற்ற எனக்கு அதிகாரமில்லை, பட்டியல் தவறு என்பதற்கு ஆதாரம் வேண்டும் என்றார்.

ஆதாரம் அந்த அறையிலேயே சால்வையைப் போர்த்திக்கொண்டு நின்றிருந்தது. இப்போது வாயைத் திறக்காவிட்டால் இனி எப்போதும் திறக்க மாட்டேன் என்று தெரிந்தது. நான்தான் சார் அவரைப் போக வேண்டாம் என்று சொன்னேன், என்றேன். அதற்குப் பிறகு என்னவெல்லாம் பேசினேன் என்று வரிசையாக நினைவில்லை. அம்மை கண்ட வீட்டில் ஏன் குரல் கொடுக்க மாட்டார்கள் என்று சொன்னேன். என் பிள்ளைக்கு ஒட்டிக்கொள்ளுமே என்று பயந்ததைச் சொன்னேன். காப்பி கொடுத்ததைக்கூடச் சொன்னேன். மலையாளத்தில் தொடங்கியவள் பாதியில் தமிழுக்கு வந்துவிட்டேன். ஆகவே எனக்குப் பின்னால் நின்றவர்களுக்கும் எல்லாம் புரிந்திருக்கும்.

இதை எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தருவாயா என்று அதிகாரி கேட்டார். என் கணவரின் நாற்காலியும் மானேஜரின் முகமும் ஒரு முறை கண்முன் வந்து போயின. கீழ் வரிசைக்காரி பிள்ளையை வாங்கக் கையை நீட்டினாள். பிள்ளையை அவளிடம் கொடுத்துவிட்டு எழுத உட்கார்ந்தேன். என் பேச்சை நம்பித்தான் அந்த ஊழியர் திரும்பிப் போனார், அவர் மீது நடவடிக்கை வேண்டாம் என்று கடைசியில் ஒரு வரி சேர்த்தேன். அதிகாரி அதைப் படித்துவிட்டு, அடுத்த வாரம் தானே வந்து எண்ணிப் பார்ப்பதாகவும் அதுவரை நிலையம் நடக்கும் என்றும் சொன்னார்.

திரும்பி வரும் வழியில் யார் முகத்தையும் பார்க்க எனக்குத் தைரியமில்லை. பாதி தூரம் வந்த பிறகு, என்னை மன்னிச்சிருங்க என்று கீழ் வரிசைக்காரியிடம் சொன்னேன். என் பிள்ளை அவள் தோளிலேயே தூங்கிவிட்டிருந்தான்.

"தெரியும் கிளார்க்கம்மா" என்றாள். "அன்னிக்கு அந்தாளு உங்க வீட்ல காப்பி குடிச்சுட்டு அப்படியே திரும்பிப் போனத நாங்க கதவிடுக்குல பாத்துக்கிட்டுத்தான இருந்தோம்."

பிறகு ஏன் என்னிடம் கேட்கவில்லை என்றேன்.

"கேட்டுருந்தா நீங்க மனு எழுதியிருப்பீகளா? வெக்கப்பட்டுக் கதவச் சாத்திருப்பீக. எங்களுக்கு மனு வேணும்ல" என்று சிரித்தாள். கொஞ்ச தூரம் நடந்த பிறகு அவளே சொன்னாள். "அந்தாளு எறங்கி வந்து தொண்ட கிழியக் கத்தியிருந்தாலும் நாங்க வாயத் தொறந்திருக்க மாட்டோம். நீங்க புள்ளைக்குப் பயந்தீக. நாங்க ஆத்தாளுக்குப் பயந்தோம். விடுங்க."

அவ்வளவுதான். அதற்கு மேல் அதைப் பற்றி அவர்கள் பேசவே இல்லை.

சொன்னபடி அதிகாரி வந்தார். கீழ் வரிசையில் ஒவ்வொரு வீட்டு வாசலிலும் குனிந்து பார்த்துத் தன் கையாலேயே எழுதினார். நிலையம் மூடப்படவில்லை. உப்புமாவின் அளவைக் கொஞ்சம் குறைத்தார்கள். அதற்கும் ஒரு மனு போட்டோம், இன்னும் பதில் வரவில்லை, விடுவதாகவும் இல்லை. மானேஜர் என் கணவரைக் கூப்பிட்டு இரண்டு வார்த்தை கடிந்துகொண்டதோடு சரி. ஆற்றுக்கு அந்தப் பக்கத்துத் தோட்டத்துப் பெண்கள் அடுத்த வருஷம் ஒரு நாள் எங்கள் வீட்டைத் தேடி வந்தார்கள். அவர்கள் நிலையத்துக்கும் அதே போல உத்தரவு வந்திருந்தது. இந்த முறை பேனாவை எடுப்பதற்கு முன்னால் அவர்களோடு நடந்துபோய் எல்லா வீட்டையும் பார்த்துவிட்டு வந்தேன். அந்த நிலையமும் இன்றுவரை நடக்கிறது.

என் மகன் இப்போது ஒன்றாம் வகுப்பு போகிறான். அவன் தும்மினால் இன்றும் ராத்திரி அவன் மூக்கருகே விரலை வைத்துப் பார்க்கத்தான் செய்கிறேன். அந்தப் பயம் போகாது, போகவும் வேண்டாம். என் பிள்ளைக்காக நான் பயந்து சொல்கிற ஒரு வார்த்தை, அடுத்த வாசலில் இருக்கிற பிள்ளையின் தட்டில் போய் விழும் என்பது மட்டும் அன்றிலிருந்து எனக்கு ஒரு நாளும் மறப்பதில்லை.