பளிச்சக்கா பிதுக்கிய இருபது மீன்கள்

சந்தையில் மீன் நறுக்கிக்கொண்டிருந்த பளிச்சக்காவை மீன் ஆய்வுக்கூடத்துக்குக் கொண்டுவந்து சேர்த்ததே அவருடைய சுத்தம்தான். அவர் உட்கார்ந்து எழுந்த இடத்தில் ஒரு செதிலைக் காட்டிவிட்டால் போதும், பந்தயம் உங்களுக்கு. பெயரும் அதனால் வந்ததுதான். இரண்டு வாரம் பழைய ஆளின் பக்கத்தில் நின்று வேலையைப் பார்த்துக்கொண்டார். மூன்றாவது வாரம் கத்தி அவர் கைக்கு வந்தது.

வாரம் இருபது ஆண் மீன்களை அறுத்து, விந்துப்பையைக் கிழியாமல் எடுத்துத் தராசில் வைக்க வேண்டும். குளிர்காலத்தில் அது நூல்போலக் கிடக்கும். வெயில் ஏற ஏறப் பருத்து, மழைக்கு முன்னால் விந்துப்பால் கட்டி வயிற்றையே அடைத்துக்கொள்ளும். இனப்பெருக்கம் முடிந்ததும் மறுபடி சூம்பிவிடும். சூம்பிய பிறகுதான் ஏரியில் வலை போட அனுமதி. பளிச்சக்கா அறுத்த முதல் வாரமே எடை சட்டென்று இறங்கியது. ஆய்வுக்கூட அதிகாரிக்கு வாயெல்லாம் பல். திங்கட்கிழமை ஏரி திறக்கும் என்று அறிவிப்பு தயாரானது.

சனிக்கிழமை மதியம், கணவர் தூண்டிலில் பிடித்துவந்த ஏரி மீன் ஒன்றை வீட்டில் அறுத்தார். உள்ளே இரண்டு பைகளும் கொழுகொழுவென்று வெள்ளையாக இருந்தன. அப்போதுதான் அக்காவுக்கு உறைத்தது.

ஆணா பெண்ணா என்று தெரிந்துகொள்ள மீனின் வயிற்றை லேசாக அழுத்துவார்கள். பால் ஒரு சொட்டு எட்டிப் பார்த்தால் ஆண். இவரோ, தட்டு அசிங்கமாகிவிடுமே என்று, இருபது மீன்களையும் கடைசிச் சொட்டுவரை பிதுக்கி, துடைத்துவிட்டு அறுத்திருந்தார். அப்புறம் எடை எங்கிருந்து வரும்?

முற்றத்தில் வலை தைத்துக்கொண்டிருந்த கணவரிடம் போய்ச் சொன்னார்.

"இருபதையுமா பிதுக்கின?"

"ஆமாங்க."

"வாய மூடிக்கிட்டு இரு. ரெண்டு மாசமா தெருவே ஏரி திறக்கறதுக்காகக் காத்துக்கிட்டிருக்கு. தெரிஞ்சா நம்மள உயிரோட விட மாட்டாங்க."

அவர் சொன்னதும் நியாயம்தான். சொன்னால் வேலை போகும், தெருவில் தலைகாட்ட முடியாது. சொல்லாவிட்டால் பால் கட்டிய மீன் அத்தனையும் வலைக்குள் வந்து விழும். அப்புறம் அடுத்த வருஷம் ஏரியில் தண்ணீர்தான் இருக்கும். இரண்டு பயத்தில் எது பெரிது என்று அக்காவுக்குத் தெரியவில்லை. பிறகு மீனை அப்படியே பையில் போட்டுக்கொண்டு ஆய்வுக்கூடத்துக்கு நடந்தார்.

அதிகாரி ஒன்றும் கத்தவில்லை. ஐஸ் பெட்டியில் பிதுக்காமல் மிச்சமிருந்த மூன்று மீன்களைத் தானே அறுத்து நிறுத்தார். எடை குறையவே இல்லை.

"இன்னும் மூணு வாரம் தள்ளிப் போடணும்மா. உங்க வேலையப் பத்தி அப்புறம் பேசலாம். புது அறிவிப்ப உங்க தெருவுல யாரு ஒட்டறது?"

"நானே ஒட்டறேன் சார்."

தெருமுனைச் சுவரில் ஒட்டி முடிப்பதற்குள் கூட்டம் கூடிவிட்டது. யாரோ உரக்கப் படித்தார்கள்.

"யாரு பண்ண வேலை இது?" என்றார் பெரிய படகுக்காரர்.

அக்கா பசை வாளியைக் கீழே வைத்துவிட்டுத் திரும்பினார். கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து பக்கத்தில் நின்றார் கணவர். தைத்துக்கொண்டிருந்த வலை இன்னும் அவர் தோளில் கிடந்தது.

"எங்க வீட்டுத் தப்புண்ணே," என்றார்.