மயில் நீலக் கேசிங்கின் உள்பக்கம்

"கொம்பியூட்டர் தானாய் ஓன் ஆகுது, வீட்டிலை ஏதோ இருக்குப் போலை" என்று சொல்லிக்கொண்டு என் கடைக்கு வருபவர்களுக்கு நான் பதினாறு வருடமாகச் சொல்லும் பதில் ஒன்றுதான். பவர் சப்ளை பழுது, மாற்ற வேண்டும். மாற்றியதும் அந்த 'ஏதோ'வும் போய்விடும். பேய், பிசாசு, செய்வினை எதிலும் எனக்கு நம்பிக்கை கிடையாது. கோயிலுக்குப் போவேன், திருநீறு பூசுவேன், அது வேறு கணக்கு. இப்போது நான் சொல்லப்போவதைக் கேட்டு நீங்கள் சிரித்தால் எனக்குக் கோபம் வராது, ஏனென்றால் இதையே நீங்கள் வந்து என்னிடம் சொல்லியிருந்தால் நானும் சிரித்துத்தான் இருப்பேன்.

என் கடை சுன்னாகம் சந்தைக்குப் பின்பக்கத்தில் இருக்கிறது. திருத்த வேலைதான் பிரதானம். ஒருநாள் பொழுதுபோகாமல் என்னுடைய பழைய கொம்பியூட்டர் கேசிங்குக்குக் கறுப்பு ஸ்பிரே அடித்து வைத்தேன், அதைப் பார்த்த பெடியள் தங்களுடையதையும் தூக்கிக்கொண்டு வரத் தொடங்கினார்கள், அப்படியே அதுவும் ஒரு தொழிலாகிவிட்டது. ஸ்பிரே ரின்னை அமத்தினால் பெயின்ற் வரும், அதில் என்ன இருக்கிறது என்று நினைப்பீர்கள். சந்தைக்குப் பின்னால் இருந்து அடித்துப் பாருங்கள். காற்று எழும்பினால் வெங்காயச் சருகு பறந்து வந்து ஈரப் பெயின்றில் ஒட்டும், எடுக்கப் போனால் பெயின்றும் சேர்ந்து வரும். அதனால் காலையில் காற்றுக்கு முன்னரே, கொல்லைப்புறத்தில் படுக்கைக்குக் கட்டும் பழைய நுளம்பு வலையைக் கட்டி அதற்குள் கேசிங்கைத் தொங்கவிட்டு அடிப்பேன். என் மனைவி அதைப் பார்த்துவிட்டு, பிள்ளைக்குத் தொட்டில் கட்டியிருக்கிறேன் என்று நக்கல் அடிப்பாள்.

பண்டத்தரிப்பில் இருந்து ஒரு ரீச்சர் ஓட்டோவில் வந்து இறங்கினார். மடியில் ஒரு பழைய கேசிங். ஒரு காலத்தில் வெள்ளையாக இருந்து மஞ்சள் பூத்துப்போன ரகம். கணவர் வீட்டிலேயே கணக்கு ரியூஷன் கொடுத்தவர், வினாத்தாள் எல்லாம் இதில்தான் அடித்தாராம், காலமாகி ஒரு வருடம். மகளுக்குக் கம்பஸ் கிடைத்து, பல்கலைக்கழகத்துக்குப் பக்கத்தில் எங்கள் ஊர்த் திருநெல்வேலியில் அறை எடுத்திருக்கிறார்கள். அப்பாவின் கேசிங்தான் வேண்டும் என்று நிற்கிறாளாம் பிள்ளை, ஆனால் கூட இருப்பவர்கள் சிரிக்காத மாதிரி மயில் நீலத்தில் வேண்டுமாம். உள்ளே எல்லாம் புதிதாகப் போட்டு, வெளியே பெயின்றும் அடித்துக் கொடுக்க வேண்டும்.

"தம்பி, வெளியிலை என்ன நிறமெண்டாலும் அடியுங்கோ. இந்தக் கதவின்ரை உள்பக்கத்தை மட்டும் தொடக் கூடாது" என்று சொல்லி, பக்கக் கதவைக் கழற்றித் திருப்பிக் காட்டினார்.

உள்ளே ஒன்பது சந்தனப் பொட்டுகள். பெருவிரலால் அமத்தி வைத்தவை, காய்ந்து மண்ணிறமாகி இருந்தன. எட்டு ஒரே வரிசையில், ஒன்பதாவது மட்டும் கொஞ்சம் கீழே, சரிந்து.

"இவர் ஒவ்வொரு சரஸ்வதி பூசைக்கும் வைச்சது. வெளியிலை வைச்சால் கை பட்டு அழிஞ்சு போகும் எண்டு கழட்டி உள்ளுக்குத்தான் வைப்பார். கடைசிப் பொட்டு எழும்பேலாமல் கிடக்கேக்கை வைச்சவர். நான்தான் கதவைக் கழட்டிக் கட்டிலுக்குக் கொண்டுபோனனான். பிள்ளைக்கு இது தெரியாது. அறையிலை கொண்டுபோய் வைச்சாப் பிறகு காட்டுவம் எண்டு இருக்கிறன்."

"ஓம் ரீச்சர், யோசியாதேங்கோ. நான் பாத்துக்கொள்ளுறன்" என்றேன்.

பார்த்துக்கொண்ட இலட்சணத்தைக் கேளுங்கள். மறந்துவிடுவேன் என்று பயந்து, 'உள்ளுக்குத் தொடக் கூடாது' என்று ஒரு தாளில் பெரிதாக எழுதிக் கதவில் ஒட்டினேன். எங்கே ஒட்டினேன்? வெளிப்பக்கத்தில். பெயின்ற் பிடிக்க அந்தப் பக்கத்தைத்தானே உரஞ்ச வேண்டும். மறுநாள் காலை காற்று வருவதற்குள் முடிக்கும் அவசரத்தில் தாளை உரித்து எறிந்துவிட்டு உரஞ்சினேன். பிறகு வழக்கம்போல, பெயின்ற் கரைக்கும் தின்னரில் நனைத்த துணியால் முன்னும் பின்னும் துடைத்தேன். இரண்டு பக்கமும் துடைக்காவிட்டால் விளிம்பில் பெயின்ற் உரியும், அது என் கைக்குப் பழகிய வேலை, மூளை தேவையில்லை. துணியில் சந்தனக் கறை தெரிந்தபோதுதான் கை நின்றது.

ஒரு பொட்டுக்கூட மிச்சம் இல்லை. நான் அப்படியே கிணற்றுக்கட்டில் இருந்துவிட்டேன். வெட்கமாகவும் பயமாகவும் இருந்தது. ஒரு மனுசன் சாகக் கிடந்து வைத்த பொட்டை அரை மூடித் தின்னரால் துடைத்து எறிந்துவிட்டேன். ரீச்சருக்குச் சொல்ல ஃபோனை எடுத்தேன், இரண்டு தரம் மணி போனது, அவர் எடுப்பதற்குள் நானே கட் பண்ணினேன். திருப்பி எடுத்தார். "பெயின்ற் நல்லாப் பிடிச்சிருக்கு ரீச்சர், அதைச் சொல்லத்தான்" என்றேன். அப்போது ஒரு துளி பெயின்றும் அடித்திருக்கவில்லை.

அன்றும் மறுநாள் காலையுமாக நீலத்தை மூன்று தரம் அடித்தேன். என் வாழ்நாளில் அப்படி ஒரு வேலை செய்ததில்லை, அவ்வளவு வழுவழுப்பு. பெயின்ற் காய்ந்ததும், பின்னேரம், கடைச் சுவாமித் தட்டில் இருந்த சந்தனத்தைக் குழைத்தேன். நீங்கள் என்னைப் பற்றி என்ன நினைத்தாலும் சரி. என் வலது கைப் பெருவிரலால் வரிசையாக எட்டு வைத்தேன். ஒன்பதாவதுதான் சரிவரவில்லை. நின்றுகொண்டு வைத்தேன், இருந்து வைத்தேன், அந்தச் சரிவு வரவில்லை, துடைத்துத் துடைத்து வைத்தேன். கடைசியில் வாங்குப் பலகையில் மல்லாந்து படுத்து, கதவை நெஞ்சுக்கு மேலே பிடித்துக்கொண்டு வைத்தேன். அப்போதுதான் அப்படியே விழுந்தது.

பொட்டுகள் மஞ்சளாய்ப் பளிச்சென்று இருந்தன. ரீச்சர் கழற்றாமலே கொண்டுபோனால் தப்பினேன், நாளாக ஆகப் பழசாகிவிடும் என்று கணக்குப் போட்டேன். கதவை மாட்டி, திருகாணியின் மேல் என் கடை ஸ்டிக்கரை ஒட்டினேன். எல்லா வேலைக்கும் ஒட்டுவதுதான், யாராவது இடையில் கழற்றினால் கிழிந்து காட்டிக்கொடுத்துவிடும்.

மறுநாள் மத்தியானம், நல்ல வெயிலுக்குள் ரீச்சர் வந்தார். நிறத்தைத் தடவித் தடவிப் பார்த்தார், முகத்தில் அப்படி ஒரு சந்தோசம். பிறகு, "ஒருக்கால் கழட்டிக் காட்டேலுமோ தம்பி?" என்றார்.

ஸ்டிக்கர் கிழியாமல் இருந்தது. நான்தான் நகத்தால் கிழித்தேன். கதவைத் திருப்பி அவர் கையில் கொடுத்துவிட்டு, ஏதோ கேபிளைத் தேடுவது போலக் குனிந்துகொண்டேன். நிமிர்ந்து பார்த்தால் மனுசி தன் பெருவிரலைக் கடைசிப் பொட்டின் மேல் வைத்துக்கொண்டு நிற்கிறார், கண் நிறைந்து போயிருக்கிறது.

"பாருங்கோ, எல்லாத்திலையும் அந்தக் கோடு விழுந்திருக்கு. இவர் மீன் ரின் வெட்டேக்கை பெருவிரலைக் கிழிச்சுப்போட்டார், கலியாணம் முடிச்ச புதிசிலை. பொட்டு வைச்சால் நடுவாலை ஒரு கோடு வரும். நான் பகிடி பண்ணுறனான், சாமிக்கும் கழித்தல் கோடு போடுறியளோ எண்டு."

நம்பினால் நம்புங்கள், விட்டால் விடுங்கள். நான் கிட்டப் போய்ப் பார்த்தேன். ஒன்பது பொட்டிலும் நடுவால், இடமிருந்து வலமாகக் கொஞ்சம் இறங்கி, மெல்லிய ஒரு கோடு. நிறமும் மஞ்சள் இல்லை, பழைய மண்ணிறம். நான் வைத்து ஒரு நாள்கூட முழுதாக ஆகவில்லை. என் பெருவிரலைத் திருப்பிப் பார்த்தேன். ஒரு கீறல் கிடையாது.

"நல்லாக் கவனமாய் வைச்சிருக்கிறியள். நீங்கள் நல்லாயிருக்க வேணும்" என்று சொல்லிவிட்டு ரீச்சர் கேசிங்கை மடியில் வைத்துக்கொண்டு ஓட்டோவில் போனார். அந்த ஆசீர்வாதம் அடி வாங்குவதைவிட மோசமாக இருந்தது.

நான் சும்மா விடுகிற ஆள் இல்லை. அன்றே ஒரு உடைந்த கதவை எடுத்து, அதே சந்தனத்தில் இருபது பொட்டு வைத்துக் காயவிட்டேன். ஒன்றிலும் கோடு வரவில்லை, மூன்று நாளாகியும் மஞ்சளாகவே கிடந்தது. விரலில் மயிர் ஒட்டியிருக்கும் என்று நினைத்தேன், ஆனால் துடைத்துத் துடைத்து வைத்த விரலில் மயிர் எப்படி அதே இடத்தில் நிற்கும்? தகரத்தில் கீறல் இருந்திருந்தால் சரிந்த பொட்டில் கோடு சரியாமல் இருந்திருக்க வேண்டும். அது விரலோடு சேர்ந்தல்லவா சரிந்திருந்தது. கார் பெயின்ற் அடிக்கும் என் கூட்டாளியிடம் கேட்டேன். "தின்னர் மணத்துக்குச் சந்தனம் வெடிச்சிருக்கும், விடடா" என்றான். ஒன்பதும் ஒரே மாதிரியா என்று கேட்டதற்கு அவன் பேச்சை மாற்றிவிட்டான்.

சரி, போகட்டும் என்று நானும் விட்டுவிட்டேன். அதன் பிறகுதான் சரஸ்வதி பூசை வந்தது. வழக்கம்போலக் கடையில் உள்ள எல்லாச் சாமான்களுக்கும் பொட்டு வைத்தேன்: என் கொம்பியூட்டர், திருகாணிச் சாவிப் பெட்டி, ஸ்பிரே ரின்கள். வைத்துவிட்டுத் திரும்பினால் மனைவி கேட்கிறாள், "கை வெட்டிப்போட்டுதோ?"

எல்லாப் பொட்டிலும் கோடு. இரண்டு பூசை இப்படிப் போய்விட்டது, பூசைக்கு மட்டும்தான் விழுகிறது, மற்ற நாளில் எத்தனை வைத்தாலும் இல்லை. விரலை இப்போதும் காட்டுகிறேன், பாருங்கள், ஒன்றும் இல்லை.

ரீச்சரின் மகள் ஒருதரம் கடைக்கு வந்தாள், விசிறி சத்தம் போடுகிறது என்று. கதவைக் கழற்றினேன். ஒன்பதுக்குப் பக்கத்தில் சின்னதாய்ப் புதிதாக இரண்டு, அவள் வைத்தவை. "அப்பான்ரை கோட்டைப் பாத்தியளோ அண்ணை?" என்று பெருமையாகக் கேட்டாள். ஓம் என்றேன். ரீச்சரிடம் போய் எல்லாவற்றையும் சொல்லிக் காலில் விழுந்துவிடலாம் என்று எத்தனையோ தரம் வெளிக்கிட்டிருக்கிறேன், பண்டத்தரிப்புச் சந்தி வரைக்கும்கூடப் போயிருக்கிறேன். சொன்னால் ரீச்சர் நம்பமாட்டார். எங்கே, ஒரு பொட்டு வைத்துக் காட்டு தம்பி என்பார். கோடு விழாவிட்டால் என்ன செய்வது என்று தெரியவில்லை, விழுந்தால் என்ன செய்வது என்றும் தெரியவில்லை.